கழக்கூட்டத்தில் வெள்ளம் வந்தால் கூப்பிடுவது யாரை?

2023 அக்டோபர் 14, மஹாளய அமாவாசை. ஐப்பசி பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் அன்றிரவே அடைமழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு விடிந்தபோது கழக்கூட்டத்தில் தெற்றியாறு கரை மீறி, டெக்னோபார்க்கின் மூன்றாம் வளாகத்தில் புகுந்திருந்தது. துணைமின் நிலையத்திலும் வெள்ளம். கண்ணம்மூலையிலும் கௌரீசபட்டத்திலும் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அமாவாசையில் கடல் ஏற்றம் கூடுதல். ஓடை நீரைக் கடல் எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஆக்குளம் காயல் கடலைச் சேரும் வேளியில் மணல்திட்டு வேறு வழியை அடைத்துக்கொள்ளும். பெருமழைக் காலத்தில் அந்தப் 'பொழி'யை இயந்திரம் வைத்து வெட்டி விட்டால்தான் நகரத்துத் தண்ணீர் வடியும்.

1990-ல் டெக்னோபார்க் வந்தபோது கழக்கூட்டம் வெறும் பஞ்சாயத்து. 2010-ல்தான் திருவனந்தபுரம் கார்ப்பரேஷனுடன் சேர்ந்தது. கட்டடங்கள் எழும்பின, வயல்கள் மனையாயின. தோடு மட்டும் பழைய தோடாகவே இருந்தது. (இங்கே தோடு என்றால் காதில் போடுவதல்ல, ஓடை.)

அதிகாரம் யாருக்கு?

ஆபத்துக் காலத்தில் நகரத்துக்குப் பொறுப்பு மேயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஜில்லா ஆணையத்தின் தலைவர் கலெக்டர். பள்ளிக்கு விடுமுறை, நிவாரண முகாம், மீட்புப் பணி எல்லாம் அவர் உத்தரவில் நடக்கும். ஓடையைத் தூர் வாருவதும் குப்பை அள்ளுவதும் கார்ப்பரேஷனின் பாடு. தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டியவர் ஒருவர், தேங்கிய பின் ஓடி வருபவர் இன்னொருவர்.

2015-ல் தம்பானூர் வெள்ளத்தைத் தீர்க்க 'ஆபரேஷன் அனந்தா' நடந்தபோது இந்தக் கோளாறு வெளிப்பட்டது. கால்வாய் மேல் இருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றப் பேரிடர்ச் சட்டத்தைத்தான் கையில் எடுக்க வேண்டியிருந்தது. தலைமைச் செயலாளரும் கலெக்டரும் முன்னின்று நடத்தினர்.

2024 ஜூலை 13-ல் நடந்தது அதைவிடக் கொடுமை. ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய துப்புரவுத் தொழிலாளி மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையினர் மலைபோன்ற குப்பையை விலக்கித் தேடினர். இரண்டு நாள் கழித்தே உடல் கிடைத்தது. தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டியது ரயில்வேயா, கார்ப்பரேஷனா என்ற தகராறு அதன் பிறகுதான் சூடுபிடித்தது! கூலிக்கு இறங்கிய ஓர் ஏழையின் உயிர் போன பிறகு.

2025-ல் திருத்தப்பட்ட சட்டம், தலைநகரங்களுக்கும் கார்ப்பரேஷன் உள்ள நகரங்களுக்கும் தனி நகரப் பேரிடர் ஆணையம் அமைக்க மாநில அரசுகளுக்கு இடமளிக்கிறது. அதில் கார்ப்பரேஷன் கமிஷனர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். ஓடைக்கும் உத்தரவுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லும் ஏற்பாடு இது. நல்ல யோசனைதான். ஆனால் பணமும் ஆளும் சேர்ந்து வராவிட்டால் பெயர்ப்பலகைதான் மாறும்.

கணக்கில் வராதவர்கள்

2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் உள்ளாட்சிகள் 'நம்மள் நமுக்காயி' இயக்கத்தில் தத்தம் பேரிடர்த் திட்டங்களை எழுதின. திட்டத்துக்கு அடிப்படை ஆள் கணக்கு. ரேஷன் கார்டு சங்கரன்கோவிலிலும் வோட்டு நாங்குநேரியிலும் இருக்க, ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கும் கொத்தனாரும் ஓட்டல் சிப்பந்தியும் எந்தக் கணக்கில் வருவர்? வார்டு கவுன்சிலருக்கு அவர்கள் வோட்டர் அல்லர். வீட்டுக்காரருக்கு வாடகை வந்தால் போதும். மலையாளம் சரளமாகப் பேசுவோரிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் உண்டு. கைப்பேசியில் வரும் எச்சரிக்கையை அவர்கள் அறியாமலே தூங்கிவிடக்கூடும்.

அவர்களுக்கு நிறம் உதவும். வானிலை இலாகாவின் மஞ்சள் எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை. ஆரஞ்சு 204.4 வரை. அதற்கும் மேலே போனால் சிவப்பு. ஆரஞ்சு என்று காதில் விழுந்தால், ஓடைக்கரையில் தரைமட்ட அறையில் இருப்பவர்கள் கட்டிலுக்கடியில் உள்ள பெட்டியை மேலே ஏற்றிவிடுவது நலம். இது தவிர 2025 ஜனவரியில் 'கவசம்' என்ற பெயரில் மாநில அரசு அபாயச் சங்குகளையும் இயக்கி வைத்தது.

தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டால் 112-ஐக் கூப்பிடலாம். தீயணைப்புப் படைக்கு 101. ஜில்லா அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை ஜில்லாவுக்கு வெளியிலிருந்து அழைப்போர் முன்னால் எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்க்க வேண்டும். நெல்லையிலோ நாகர்கோவிலிலோ இருந்துகொண்டு கழக்கூட்டத்து மகனுக்காகத் தவிக்கும் பெற்றோர் 0471-1077 என்று சுற்றினால் திருவனந்தபுரம் கிடைக்கும். எடுத்தவுடன் கேட்பது இடம் எது என்றுதான். வார்டின் பெயரையும், பக்கத்திலுள்ள பள்ளிக்கூடம் அல்லது கோயிலின் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர்கள் தடுமாறாமல் சொல்லிவிடலாம்.