பெயரும் நம்பிக்கையும்

பீர்மேடு அமைந்துள்ள இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள ஊர் மறையூர். அங்குக் கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டிச் செய்யப்படும் அடர்பழுப்பு வெல்லம் புகழ்பெற்றது. அப்புகழைக் கண்டு, பிற ஊர்களின் மலிவான வெல்லத்தையும் சிலர் மறையூர்ப் பெயரில் விற்றனர். உழவர்களின் உழைப்புக்குரிய விலை குறைந்தது. 2019ஆம் ஆண்டு மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது. அதன்பின், வேற்றூர் வெல்லத்தை அப்பெயரில் விற்பது சட்டப்படி குற்றமாயிற்று.

இணையவழி வணிகத்தில் வாங்குவோர் பொருளைத் தொட்டும் சுவைத்தும் பார்க்க இயலாது. விற்பவரின் சொல்லையே நம்புகின்றனர். எனவே, பீர்மேட்டிலிருந்து ஏலக்காயோ தேயிலையோ விற்பவர், விளைந்த இடம், தரம், எடை ஆகியவற்றை உள்ளவாறே கூறுதல் வேண்டும். அழகிய விளம்பரம் ஒருமுறை வாங்கச் செய்யும். வாய்மையே மீண்டும் வாங்கச் செய்யும்.