சிறு சுமைவண்டியும் நெடும்பந்தயமும்

மோட்டார் வண்டிப் பந்தயங்கள் இருவகைப்படும். குறித்த தொலைவை முதலில் கடப்பவர் யாவர் என்று காண்பது ஒருவகை. குறித்த காலத்துள் மிகுதியான சுற்றுக்களை முடிப்பவர் யாவர் என்று காண்பது மற்றொரு வகை. முன்னது வேகத்தைச் சோதிப்பது. பின்னது வேகத்தோடு உறுதியையும் பொறுமையையும் சேர்த்துச் சோதிப்பது. இப்பின்னதனை நெடும்பந்தயம் எனலாம். பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923 ஆம் ஆண்டில் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. ஆயின், அதில் வெற்றி காண விழைவோர் பெரும்பொருள் செலவிடுதல் வேண்டும்.

பெரும்பொருள் இல்லாதாரும் கலந்துகொள்ளத்தக்க நெடும்பந்தயம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006 ஆம் ஆண்டில் தோன்றியது. கலிபோர்னியா மாநிலத்தில் அதனைத் தொடங்கியவர் ஜே லாம் என்னும் பத்திரிகையாளர். 'லெமன்ஸ் 24 மணி நேரம்' என்று அதற்குப் பெயரிட்டனர். லெமன் என்பது எலுமிச்சையைக் குறிக்கும் சொல். அமெரிக்கர் பேச்சில் அது அடிக்கடி பழுதாகும் வண்டியையும் குறிக்கும். புகழ்பெற்ற பிரெஞ்சு நகரின் பெயரோடு ஒலியால் ஒத்துப் பொருளால் நகையை விளைவிக்கும் பெயர் அது. பெயரில் 24 மணி என்று இருப்பினும், பெரும்பான்மையான போட்டிகள் இரு நாட்களில் பகற்பொழுதில் பகுத்து நடத்தப்பெறுகின்றன.

இப்பந்தயத்தின் அடிப்படை விதி எளியது. வண்டியின் விலையும் அதனைச் செப்பனிடும் செலவும் சேர்ந்து 500 டாலருக்கு மேற்படலாகாது. நடுவர்கள் ஒவ்வொரு வண்டியையும் ஆராய்வர். வரம்பு மீறியதாகக் கருதினால், அக்குழுவினரின் கணக்கிலிருந்து சில சுற்றுக்களைத் தண்டமாகக் கழிப்பர். ஆயினும், இச்சிக்கன விதிக்குப் பெரியதொரு விலக்கு உண்டு. ஓட்டுநரின் உயிரைக் காக்கும் கருவிகளுக்கும், பிரேக்கு, சக்கரம், டயர் ஆகியவற்றிற்கும் ஆகும் செலவு 500 டாலர் கணக்கில் சேராது. சிக்கனம் செய்யத்தக்க இடம் எது, செய்யத்தகாத இடம் எது என்பதை இவ்விலக்கே தெளிவாக உணர்த்துகின்றது.

இத்தகைய போட்டிக்குச் சிலர் கார்களை விடுத்துப் பிக்கப் எனப்படும் சிறு சுமைவண்டியைத் தேர்ந்துகொள்கின்றனர். முன்னே இருவர் அமரும் சிற்றறையும், பின்னே சுமையேற்றும் திறந்த தொட்டியும் உடையது அது. 1960களிலும் 1970களிலும் டாட்சன், டொயோட்டா முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் சிறு சுமைவண்டிகள் அமெரிக்காவில் பரவின. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரோலே எஸ்-10 ஆகியனவும் வெளிவந்தன. உழவரும் தச்சரும் சிறு வணிகரும் அவற்றை ஆண்டுக்கணக்கில் உழைக்கவைத்தனர். உழைத்து ஓய்ந்தவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றின் அமைப்பு எளியது. உதிரிப்பாகங்கள் எங்கும் அகப்படும். பொறியைச் சுற்றிக் கை நுழைய இடமிருக்கும். பழுதுபார்ப்பவர்க்கு இவையெல்லாம் பெருநன்மைகள்.

எனினும், சுமை தூக்கப் பிறந்த வண்டி பந்தயத்திற்குப் பிறந்ததன்று. எதற்காக அது அவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை அறிந்தபின்னரே அதனை மாற்ற முற்படுதல் வேண்டும். பின்னே சுமை ஏறும் என்று கருதியே அதன் பின்புறப் பட்டை வில்கள் விறைப்பாகச் செய்யப்பட்டுள்ளன. சுமை இல்லாதபோது பொறியின் எடை முன்னே அழுத்த, பின்புறம் இலேசாகிவிடும். மேடுபள்ளங்களில் பின் சக்கரங்கள் துள்ளும். தரையைப் பற்றாத சக்கரம் வண்டியை உந்தவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. ஆதலின், பட்டைகளுள் சிலவற்றைக் கழற்றி வில்லை இளக்குவர். வண்டியின் உயரத்தைச் சற்றே தாழ்த்துவர். மின்கலத்தைப் பின்னே கொண்டுசென்று வைப்பர். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, அறிவே வேண்டும்.

பிரேக்கைப் பற்றி இன்னும் கவனமாக எண்ணுதல் வேண்டும். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றும் நிற்குமாயின், பிரேக்குகளில் தோன்றும் வெப்பம் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சுற்றுதோறும் பலமுறை, மணிக்கணக்காக இவ்வாறு வெப்பம் எழுந்தால், பிரேக்குக் குழாயிலுள்ள நீர்மமே கொதித்துவிடும். கொதித்த நீர்மத்தில் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி எளிதில் அமுங்குவது. ஆதலின் மிதி தரைவரை சென்றும் வண்டி நில்லாது. இவ்விடரைத் தவிர்க்கவே உயர்ந்த கொதிநிலையுடைய நீர்மத்தையும் வெப்பம் தாங்கும் பிரேக்குக் கட்டைகளையும் பயன்படுத்துகின்றனர். மேலும், பின்புறம் இலேசான வண்டியில் பின் சக்கரங்கள் முதலில் இறுகி நின்றுவிடும். வண்டி பம்பரம்போல் சுழலும். அதனைத் தடுக்க, பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு ஒன்றை இடையே பொருத்துவர்.

அடுத்து இன்றியமையாதது பாதுகாப்புக் கூண்டு. வண்டி கவிழ்ந்தால் மெல்லிய கூரைத் தகடு ஓட்டுநரைக் காவாது. ஆதலின், தடித்த எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, அவர் இருக்கையைச் சுற்றிக் கூண்டு அமைக்கின்றனர். சுமைவண்டியில் அறை வேறு, தொட்டி வேறு. இரண்டும் அடிச்சட்டத்தின்மேல் தனித்தனியே அமர்ந்தவை. எனவே, கூண்டின் பின்புறச் சாய்வுக் குழாய்கள் அறையின் பின்சுவரைத் துளைத்துச் சென்று உறுதியான இடத்தில் ஊன்றுமாறு அமைப்பதுண்டு. இவற்றோடு உடலைப் பல முனைகளிற் பிணிக்கும் வார்கள், தலைக்கவசம், தீத்தாங்கும் உடை, தீயணைப்புக் கருவி, மின்தொடர்பை ஒருங்கே அறுக்கும் விசை ஆகியனவும் வேண்டும். எரிபொருள் கலம் தொட்டியில் இருக்குமாயின், அதற்கும் ஓட்டுநருக்கும் இடையே துளையற்ற உலோகத் தடுப்புச் சுவர் இருத்தல் வேண்டும். கூண்டிற்காகத் துளைத்த பின்சுவரின் இடுக்குகளைத் தகடிட்டு அடைத்தாலன்றி அச்சுவர் தீயைத் தடுக்காது. 500 டாலர் வண்டிக்குள் அதனினும் பன்மடங்கு விலையுள்ள காப்பு அமைவது இப்பந்தயத்தில் இயல்பு. வண்டி போனால் வேறொன்று வாங்கலாம். உயிர் போனால் வாங்க இயலுமோ?

காப்பிற்குப்பின் கருதத்தக்கது பொறியின் உறுதி. புதிதாகப் பந்தயத்தில் இறங்குவோர் பொறியின் ஆற்றலைப் பெருக்கவே முதலில் விரும்புவர். அவ்விருப்பம் சரியானதா என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும் களத்தில் 14 மணி நேரம் போட்டி நடப்பதாகக் கொள்வோம். அக்காலத்தில் 420 சுற்றுக்கள் முடியும். சுற்றுக்கு மூன்று வினாடி விரைந்து செல்லும் வண்டி 1,260 வினாடிகளை, அதாவது 21 நிமிடங்களை, மிச்சப்படுத்தும். கிழிந்த ரப்பர்க் குழாய் ஒன்றை மாற்றுவதற்கு அரைமணி நேரம் நின்றால், இரு நாளும் முயன்று பெற்ற அவ்வூதியம் முழுவதும் அழியும். எனவே, நெடும்பந்தயத்தில் நில்லாது செல்வதே வேகம்.

இதனை உணர்ந்தோர் புதிய ரேடியேட்டர், புதிய குழாய்கள், புதிய வார்ப்பட்டை ஆகியவற்றிற்கே தம் சிறுபொருளைச் செலவிடுவர். நீண்ட வளைவுகளில் விரையும்போது பொறியின் அடியிலுள்ள எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்கும். உறிஞ்சுகுழாய் எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சும். எண்ணெயின்றி உராயும் தாங்கிகள் சிறிது நேரத்தில் கெட்டழியும். எண்ணெய்த் தட்டினுள் சில தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்தால் இக்கேடு பெரிதும் நீங்கும். தகட்டின் விலை சிறிது. அது காப்பதோ பொறி முழுவதும்.

போட்டி நாளில் ஓட்டுநர் சிலர் முறைவைத்து மாறி மாறி ஓட்டுவர். எரிபொருள் நிரப்பும்போது ஒருவர் தீயணைப்புக் கருவியுடன் விழிப்பாய் நிற்பார். தடத்தை விட்டு விலகினாலோ பிற வண்டியின்மேல் மோதினாலோ கருங்கொடி காட்டி ஓட்டுநரை வெளியே அழைப்பர். நடுவர்முன் நின்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் குழுவினர்க்கு இழப்பே. ஆதலின், ஆத்திரப்பட்டு முந்துவோனினும், அமைதியாய்ச் சுற்றுக்களை எண்ணிச் செல்வோனே குழுவிற்குப் பயன்படுவான்.

இப்பந்தயத்தில் மிகவும் போற்றப்படும் பரிசு, முதலில் வந்த வண்டிக்கு உரியதன்று. எந்த வண்டியைக் கண்டு, 'இது ஒரு மணி நேரமும் ஓடாது' என்று பலரும் எள்ளினரோ, அதனைக் கொண்டு எதிர்பாராத அளவு சாதித்த குழுவிற்கே அது வழங்கப்படுகின்றது. மூட்டைகளையும் மரங்களையும் சுமந்து தேய்ந்த வண்டி, புதுப்பொலிவுள்ள கார்களோடு இரு நாளும் ஓடி, மாலையில் தன் சக்கரங்களிலேயே களத்தை விட்டு வெளியேறுமாயின், அஃது அதனைச் செப்பனிட்டவர்களின் அறிவுக்குச் சான்றாகும். குறைந்த பொருளை எங்கே இடுவது என்று அறிந்தும், உயிர்க்காப்பில் ஒரு காசும் குறைக்காதும் உழைத்தவர்கள் அவர்கள்.