குட்டைப் பாசியைத் தின்னலாமா?



போன மாதம் ஒரு தாயார் போத்தலில் பச்சைத் தண்ணீர் கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தார். பழைய பால் ஸ்டோருக்குப் பின்னால் உள்ள குட்டையில் அள்ளியதாம். "ஐயா, கடையிலே ஸ்பைருலினான்னு மாத்திரை விக்கிறாங்களே, அது இந்தப் பாசிதானாம். காய வெச்சுப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார். குடுக்காதீங்கம்மா என்றேன். ஏன் என்று எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பைருலினா சத்துள்ள பாசிதான். காய்ந்த பாசி 100 கிராமில் சுமார் 60 கிராம் புரதம் உண்டு. இரும்புச் சத்தும் உண்டு. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் இதை வடித்து, காயவைத்து, குழம்பில் போடுகிறார்கள்.

இதை மலிவாக வளர்க்கவும் வழி உண்டு. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் சி.வி. சேஷாத்ரி, ஏழைகளுக்கு உதவும் என்று இந்தப் பாசியில் பல ஆண்டுகள் உழைத்தவர். சென்னைப் பக்கத்துக் கிராமங்களில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி, சாண எரிவாயுக் கலத்தின் கழிவையோ உப்பு உரங்களையோ கொஞ்சம் கலந்து, சுத்தமான விதைப்பாசியை விட்டார்கள். வெயிலில் வைத்து, நாளுக்கு மூன்று நான்கு முறை கலக்கினார்கள். மூன்று நான்கு நாளில் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, உணவில் சேர்த்தார்கள்.

அப்படியானால் நம் குட்டைப் பாசி மட்டும் என்ன பாவம் செய்தது? கேளுங்கள்.

ரப்பர் ஆலைக் கழிவுநீரில் அம்மோனியா இருக்கும். பாசிக்கு அது உரம். ஆழமில்லாத குளத்தில் வெயில் பட்டால் பாசி அந்த உரத்தை உறிஞ்சி, பிராணவாயுவை விடும். அதைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். தண்ணீர் தெளியும். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாங் சியூ மொய் குழுவினர், சாகோ மாவு ஆலைக் கழிவுநீரில் ஸ்பைருலினா வளர்த்து, 2000-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் கழிவுநீரை முதலில் பக்குவப்படுத்தி, தேர்ந்த விதையை விட்டு, அளந்து பார்த்துச் செய்தவர்கள்.

நம் குட்டையில் என்ன பாசி வளருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில நீலப்பச்சைப் பாசி ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்கும். வேகவைத்தாலும் அது போகாது. ஈயம் போன்ற உலோகம் தண்ணீரில் இருந்தால் பாசி அதையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கக்கூஸ் தண்ணீர் கலந்தால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வரலாம்.

ஆகவே, குட்டைப் பாசி குட்டையைச் சுத்தம் செய்யட்டும். பிள்ளையின் தட்டுக்கு வேண்டாம். மாத்திரை வாங்கக் காசில்லையே என்று வருந்தவும் வேண்டாம். வேலியோர முருங்கைக்கீரை, நெத்திலி, முட்டை, பயறு இவை போதும். பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். ரத்தத்தைப் பார்ப்போம், பூச்சி இருந்தால் மருந்து தருவோம்.