வெடிச் சத்தம் இல்லாத தீபாவளி!

பறவைகளுக்காகப் பட்டாசைத் துறந்த கிராமங்கள்

தீபாவளி என்றால் வெடிச் சத்தம் காதைப் பிளக்கும். ஆனால், சிவகங்கை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் அன்று ஒரு வெடிகூட வெடிக்காது. புத்தாடை உண்டு. பலகாரம் உண்டு. பட்டாசு மட்டும் இல்லை!

அந்த ஊர்கள் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. காரைக்குடியில் இருந்து மதுரை போகும் வழியில், திருப்பத்தூரை அடுத்து இருக்கின்றன.

ஏன் வெடிப்பது இல்லை? அங்குள்ள கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா எனப் பல வகை. கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 1977–ம் ஆண்டு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஒரு வெடி போதும்!

ஒரு வெடி வெடித்தால் தாய்ப் பறவை பயந்து பறந்துவிடும். கூட்டில் உள்ள முட்டையும் குஞ்சும் காக்கைக்கு இரையாகும். ஆகவே, கோவில் திருவிழாவிலும் திருமணத்திலும்கூட இங்கே வெடி கிடையாது. பட்டாசுக்கு ஏங்கும் குழந்தைகளும் இதற்குக் கட்டுப்படுகிறார்கள். தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்பு வழங்கி, ஊர் மக்களைப் பாராட்டுவது வழக்கம்.

பறவைகளும் சும்மா இருப்பது இல்லை. அவற்றின் எச்சம் கண்மாய்த் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது, பயிருக்கு உரம் ஆகிறது.

தண்ணீர் வேண்டும்

ஆனால், மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் பறவைகள் வருவது இல்லை. மழை மனிதர் கையில் இல்லை. பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேர, வரத்துக் கால்வாயைத் தூர் வாரி வைப்பது மனிதர் கையில்தான் இருக்கிறது.