வழிந்த ஒளி திரும்புமா?

பள்ளி ஆண்டு விழா. பரிசு பெற்ற நண்பர் சன்னலின் முன்னே நிற்கிறார். கைபேசியில் படம் எடுக்கிறீர்கள். ஒரு படத்தில் சன்னல் தெளிவாக இருக்கிறது; நண்பரின் முகம் கறுத்துவிட்டது. இன்னொன்றில் முகம் நன்றாக இருக்கிறது. வெளியே தெரிந்த வானமும் மேகமும் வெள்ளைத் தாளாகிவிட்டன. "பிறகு எடிட் செய்துகொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். விழா மறுபடி நடக்கப் போவதில்லை. இந்த இரண்டு குறைகளில் எதைத் திருத்த முடியும்?

கேமரா லென்சின் பின்னால் நகம் அளவே உள்ள சிலிக்கன் சில்லு ஒன்று இருக்கிறது. அதில் ஒளியை உணரும் புள்ளிகள் நிறைந்துள்ளன. 12 மெகாபிக்சல் என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒளியின் போட்டான்கள் சிலிக்கனில் உட்கவரப்படும்போது எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் அவற்றைச் சேர்த்து வைக்கும் ஒரு கிண்ணம் எனலாம். சேர்ந்த அளவுதான் எண்ணாக மாறுகிறது. வழக்கமான ஜேபெக் படத்தில் இந்த எண் 0 முதல் 255 வரை இருக்கும். 0 என்றால் முழு இருள். 255 என்றால் உச்ச வெளிச்சம்.

மழையில் முற்றத்தில் ஒரு டம்ளரை வைத்தால், அதில் சேர்ந்த நீரைக் கொண்டு மழையின் அளவைச் சொல்லலாம். நிரம்பி வழிந்துவிட்டால் சொல்ல முடியுமா? இங்கேயும் அதே கதைதான். மேகத்திலிருந்து வரும் ஒளி அதிகம். நீல வானத்திலிருந்து வருவது குறைவு. ஆனால் இரண்டு கிண்ணங்களும் நிரம்பிவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண், 255. பிறகு பிரைட்னஸைக் குறைத்தால் இரண்டும் 200 ஆகும். வெள்ளைத் தாள் சாம்பல் தாளாகுமே தவிர, மேகம் வராது.

கறுத்த முகத்தின் நிலை வேறு. அங்கே ஒளி குறைவு; ஆனால் பதிவாகியிருக்கிறது. அந்த எண்களைப் பெருக்கினால் முகம் தெரியும். ஆனாலும் சொரசொரப்பான புள்ளிகள் தோன்றுமே, ஏன்? போட்டான்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகின்றன. சராசரியாக எத்தனை விழுகின்றனவோ, அதன் வர்க்கமூல அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 போட்டான்களுக்கு 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 போட்டான்களுக்கு 10, அதாவது 10 சதவீதம்! எண்களை எத்தனை மடங்கு பெருக்கினாலும் ஏற்ற இறக்கமும் அத்தனை மடங்கு பெருகும். 10 சதவீதம் 10 சதவீதமாகவே நிற்கும்.

ஆகவே, வழிந்த ஒளி திரும்பாது. குறைந்த ஒளி ஓரளவு மீளும். எடுக்கும்போது கொஞ்சம் கறுப்பாக எடுப்பதே பாதுகாப்பு. திரையில் வெளிச்சமான இடத்தைத் தொடுங்கள். பல கைபேசிகளில் சூரியன் போன்ற சின்னம் தோன்றும். அதை நகர்த்தி வெளிச்சத்தைக் குறைக்கலாம். எச்.டி.ஆர். முறையில் கைபேசியே அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, நல்ல பகுதிகளை இணைத்துத் தருகிறது. ஆனால் எதிரில் இருப்பவர் அசைந்தால் படம் கலங்கக்கூடும்.

செய்து பாருங்கள்

எச்.டி.ஆர். வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். பகலில் நண்பரைச் சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கச் செய்யுங்கள். திரையில் அவர் முகத்தைத் தொட்டு ஒரு படமும், சன்னலைத் தொட்டு ஒரு படமும் எடுங்கள். முதல் படத்தில் ஹைலைட்ஸைக் குறையுங்கள். இரண்டாவதில் ஷேடோஸை உயர்த்துங்கள். எது மீண்டது, எது மீளவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நண்பரைச் சன்னலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, மூன்றாவது படம் எடுங்கள். அதற்குத் திருத்தமே தேவைப்படாமல் போகலாம்!

இரவில் படமெடுக்கும்போது சில விநாடிகள் அசையாமல் பிடிக்கும்படி கைபேசி சொல்கிறதே, ஏன்? வர்க்கமூலக் கணக்கை நினைவில் வைத்து யோசியுங்கள்.