மூச்சு வாங்கும் ஓடுபாதை

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் போலே விமான நிலையம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட ஒரு படி மேலே! காற்றின் அடர்த்தி அங்கே கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை போதாது. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். வெயில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். நிறைய தூரம் ஓடித்தான் விமானம் எழும்ப வேண்டும். ஓடுபாதை போதாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். ஆட்களைக் குறைத்தால் வருமானம் போய்விடும் என்பதால், நெடுந்தூரப் பயணங்களில் எரிபொருளில் கை வைப்பார்கள்.

அதனால்தான் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் அமெரிக்கப் பயணத்தில் ஒரு வேடிக்கை. வாஷிங்டனில் கிளம்பினால் எங்கும் நிற்காமல் அடிஸ் அபாபா வந்துவிடலாம். போகும்போது மட்டும் டப்ளின், லோமே போன்ற ஏதாவது ஓர் ஊரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டாக வேண்டும். எதிர்க்காற்றும் தன் பங்குக்குப் படுத்தும்.

பேரரசர் ஹெய்லி செலாசி காலத்தில், 1945 டிசம்பரில், அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் துணையோடு பிறந்த நிறுவனம் இது. 1946 ஏப்ரல் 8 அன்று முதல் விமானம் அஸ்மாரா வழியாகக் கெய்ரோவுக்குப் பறந்தது. உலகப்போரில் மிச்சமான சி-47 ரக விமானங்கள்தான் கையிருப்பு. பக்கவாட்டில் மடக்குப் பலகைகளில் பயணிகள் உட்கார, நடுவே சரக்கு கிடக்கும்.

ஆரம்பத்தில் விமானிகள் அமெரிக்கர்கள். ஆனால் உள்ளூர் ஆட்களுக்கும் தொழில் கற்றுத்தரப்பட்டது. 1957இல் அலெமயேஹு அபெபே முதல் எத்தியோப்பியக் கேப்டனானார். 1970களில் அமெரிக்கர்கள் விலகியபோது நிறுவனம் தடுமாறாததற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று சொல்லலாம்.

1974இல் பேரரசர் வீழ்ந்தார். மார்க்சியம் பேசும் ராணுவ ஆட்சி வந்தது. விமானம் மட்டும் அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது! 1984 ஜூனில் புத்தம்புதிய போயிங் 767 ஒன்று வாஷிங்டனிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு 12,082 கிலோமீட்டரை 13 மணி 17 நிமிடத்தில் ஒரே மூச்சில் கடந்தது. இரட்டை எஞ்சின் விமானத்துக்கு அது அன்றைய சாதனை. அதே ஆண்டின் இறுதியில்தான் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் உலகத் தொலைக்காட்சிகளில் வந்தன.

இன்று ஆசியா, ஐரோப்பாவிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் இந்த நிறுவனத்தின் விமானங்கள் விடியலில் போலேயில் கூடுகின்றன. காலையில் அந்தப் பயணிகள் விமானம் மாறி ஆப்பிரிக்க நகரங்களுக்குப் பிரிகிறார்கள். இந்தக் கூட்டத்துக்குப் போலே போதவில்லை. தென்கிழக்கே பிஷோஃப்து அருகே பெரிய விமான நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த இடம் போலேயைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வானது.