கரப்பானுக்கு வந்த புது ஊசி

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் வறட்சி மிகும் நாட்களில் கரப்பான் கண்ட பிள்ளைகள் இரவெல்லாம் சொறிந்து அழுவதைப் பெற்றோர் அறிவர். பள்ளியில் அப்பிள்ளையைத் தனியே அமர்த்துவோரும் உளர். என்ன அறியாமை! அது ஒட்டுநோயன்று, உடலின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறித் தோலை வதைப்பது. அவ்வழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 4, 13 என்னும் இரு புரதங்களின் செய்தி உயிரணுக்களை எட்டாதபடி தடுப்பதே டுபிலுமாப் ஊசி. களிம்புக்கு அடங்காத கடும் கரப்பானுக்கென அமெரிக்காவில் 2017இல் பெரியவர்களுக்கும், 2022இல் ஆறு மாதக் குழந்தை முதலாகவும் ஒப்புதல் பெற்றது. பெரியவர்களுக்கு இரு வாரத்துக்கொருமுறை போடுவர். ஸ்டீராய்டு அன்று, நோயை வேரறுப்பதுமன்று, அடக்கி வைக்கும். சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். விலையோ லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்குத் தாங்காது. இதற்காக நிலத்தை அடகு வைக்க எண்ணுவோர், தோல் மருத்துவர் தந்த களிம்பை முதலில் ஒழுங்காகப் பூசினோமா என்று பார்க்கட்டும். பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணீரோடு வருவோரையே நாம் மிகுதியாகக் காண்கிறோம்.